இடது கண் மட்டும்

"இப்ப எதுக்கு அழற?" என்றார் கணவர்.

"நான் அழல. கண்ணு வடியுது," என்றாள் அவள், அன்றைக்கு மூன்றாம் தடவையாக.

எட்டு மாதமாக இதே கூத்து. உள்ளே கட்டி வந்ததற்காக அவளுடைய இடது கண்ணை எடுத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. குழிக்குள் ஓர் உருண்டையை வைத்துத் தைத்து, அதன்மேல் கண் போலவே வண்ணம் தீட்டிய மெல்லிய ஓடு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். ஓட்டைக் கழற்றி மாட்டலாம். உருண்டை உள்ளேயே கிடக்கும். இத்தனை வருடம் சமர்த்தாகத்தான் கிடந்தது. இப்போது அந்தப் பக்கம் ஓயாமல் கசிந்தது. அவள் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். "இந்த வருஷம் இடம் இல்லீங்க" என்று சொல்லும்போது கண்ணில் நீர் வழிந்தால், வந்த பெற்றோர் அவளுக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கண் ஓடு செய்பவர் இரண்டு முறை மெருகேற்றிக் கொடுத்து, "ஓட்டுல ஒரு குறையும் இல்லம்மா, உங்களுக்குத்தான் தூசி ஒத்துக்கல" என்றார். மருந்துக்கடைக்காரர் சொட்டு மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார். உருண்டையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளே அதை மறந்துபோயிருந்தாள்.

கடைசியில் கண் ஆஸ்பத்திரி.

"வலது கண்ணை மூடிட்டு மேல் வரிசையப் படிங்க," என்றாள் நர்ஸ்.

"இடது பக்கம் செயற்கைக் கண்ணுங்க."

"பரவால்ல, தெரிஞ்ச வரைக்கும் படிங்க."

டாக்டர் ஒருவர்தான் ஓட்டைக் கழற்றச் சொல்லி உள்ளே பார்த்தார். உருண்டையை மூடியிருந்த சதை மெலிந்து, பருப்பு அளவுக்கு ஒரு துளை விழுந்திருந்தது.

"பல வருஷம் கழிச்சும் சிலருக்கு இப்படி ஆகும். கிருமி உள்ள போயிட்டா உருண்டையையே எடுக்கணும். அதுக்குள்ள, உதட்டு உட்பக்கத்துலேர்ந்து கொஞ்சம் சதை எடுத்து மூடிடலாம். ஆறு வாரம் ஓடு கூடாது. தையல் பிரியுதான்னு வீட்டுல யாராவது தினம் பார்க்கணும்."

"நானே பார்த்துக்கறேன்."

"கண்ணாடியில மூலை வரைக்கும் தெரியாது. சார் பார்க்கட்டும்," என்று டாக்டர் கூட வந்த கணவரைக் காட்டினார்.

சார் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் ஓடு இல்லாத அந்தக் கண்குழியை அவர் பார்த்ததில்லை. அவள் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டுதான் ஓட்டைக் கழுவுவாள். பார்க்கட்டுமா என்று அவர் கேட்டதில்லை. பாருங்கள் என்று அவளும் சொன்னதில்லை. அவர் முகம் சுளிப்பார் என்று பயந்தாளா, சுளிக்காமல் போனால் இத்தனை வருடம் தாழிட்டதற்கு என்ன அர்த்தம் என்று பயந்தாளா, அவளுக்கே பிடிபடவில்லை.

அறுவை முடிந்து கட்டைப் பிரித்த பிறகு இரண்டு நாள் அவர் டிமிக்கி கொடுத்தார். முதல் நாள் கை சுத்தமில்லை. மறுநாள் வெளிச்சம் போதவில்லை. மூன்றாம் நாள் காலை அவள் வெடித்தாள்.

"லிஃப்ட் மெக்கானிக்குன்னு பேரு! பதினஞ்சு மாடிக் குழிக்குள்ள தலைய விடறீங்க. பொண்டாட்டி மூஞ்சியப் பார்க்க மட்டும் பயமா? தையல் விட்டுப்போச்சுன்னா மறுபடியும் நான்தான போய்ப் படுக்கணும்?"

உதடு வீங்கியிருந்ததால் கோபம் பாதி குழறலாகவே வந்தது. அவர் வேலைக்கு எடுத்துப்போகும் விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு எதிரே மண்டியிட்டார். அவள் இமையைத் தூக்கிப் பிடித்தாள். இருக்கிற ஒரு கண்ணால் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் புருவம் நெரிந்தது.

"என்ன?"

"பேசாத. எண்ணிக்கிட்டிருக்கேன். டாக்டர் எட்டுத் தையல்னாரு, ஏழுதான் வருது."

அவள் இமையை இன்னும் மேலே இழுத்தாள்.

"இரு, இப்படித் திரும்பு... ஆங், எட்டு. மூலையில ஒண்ணு ஒளிஞ்சிருக்கு."

அவர் மூச்சு விட்டார். பிறகு, ஏமாந்துபோனவரைப் போல, "வாய்க்குள்ள இருக்கற மாதிரிதான இருக்கு" என்றார்.

"பின்ன எப்படி இருக்கும்?"

"நான் என்னென்னமோ நெனச்சேன்."

"பதினாலு வருஷமாவா?"

"நீதான தாழ்ப்பாள் போட்டுக்குவ."

அவர் சொன்னது உண்மைதான். அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. அவர் களிம்பைப் பிதுக்க, பாதி அவள் மூக்கில் விழுந்தது.

"இன்னொரு தடவை பார்த்துரட்டா? எண்ணுனது சரியான்னு."

"ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் டாக்டர் சொன்னாரு," என்று சிடுசிடுத்தபடியே அவள் இமையைத் தூக்கிப் பிடித்தாள்.