மழை விட்டால்தானே

பஞ்சில் ஒற்றிய பவுடர் அவள் கன்னத்தில் திட்டுத் திட்டாக நின்றது. நாடக விளக்குக்காரர் புறங்கையால் அதைத் தேய்த்துப் பரப்பப் பார்த்தார். காய்ச்சல் வேர்வையில் அது குழைந்துபோனது.

"சீக்கிரம் ஆகட்டுங்க. முதல் மணி அடிச்சாச்சு," என்றாள் மனைவி.

மணி எதுவும் அடிக்கவில்லை. நாடகக் கொட்டகையை மூடி மாதம் ஒன்று ஆகப்போகிறது. நாற்காலிகளைப் பெயர்த்து வெளியே போட்டுவிட்டு ராணுவம் அங்கே மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தது. போர் இன்னும் தொடங்கவில்லை. தொடங்கும் என்று சொல்லியே ஊரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். முதலில் பெட்ரோல், பிறகு மருந்துக்கடைச் சரக்கு, கடைசியில் தெருமுனை டாக்டர். அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது, ஊசி கிடைத்தால் பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார். எங்கே கிடைக்கும் என்று இவர் கேட்டபோது டாக்டர் தன் பையை மூடினார். அன்று மாலையே ராணுவ வண்டி வந்து அவரையும் ஏற்றிக்கொண்டு போனது.

காலையிலிருந்து அவள் நினைவு கொட்டகைக்குப் போய்விட்டிருந்தது. வருஷக்கணக்காக அவள் நாயகியாக நடித்த காதல் நாடகத்தின் மூன்றாம் அங்கம். மழைக்கு ஒதுங்க வந்த வீரனிடம் நாயகி கேட்பாள்.

"மழை விட்டதும் போய்விடுவீர்கள், அல்லவா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

அவருக்கு அந்த வசனம் தெரியும். மேடைக்கு மேலே பரணில் உட்கார்ந்து விளக்குப் போட்டவருக்கு எல்லார் வசனமும் மனப்பாடம். "மழை விட்டால்தானே," என்றார்.

அவள் முகம் சுளித்தாள். "நீங்க ஏன் கீழ வந்தீங்க? மேல போங்க. வெளிச்சம் யார் போடுறது?"

மறுபடியும் கேட்டாள். மறுபடியும் காத்திருந்தாள். எதிரே நிற்பவன் வசனத்தை மறந்துவிட, நிறைந்த சபையின் முன் மாட்டிக்கொண்டவளைப்போல அவள் கண்கள் அலைந்தன. விரல்கள் போர்வையைப் பிசைந்தன. மூச்சுக்கே திண்டாடுகிறவள் அந்த மூச்சையும் கேள்விக்குச் செலவழித்துக்கொண்டிருந்தாள்.

கீழ்வீட்டுச் சலவைக்கார அக்காவைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு அவர் கிளம்பினார். வீரனாக நடித்தவனை எல்லாரும் ராஜா என்றே கூப்பிடுவார்கள். அவனை ராணுவத்துக்குப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் அடைத்து வைத்திருப்பதாகக் கேள்வி.

வாசல் காவலாளி, உள்ளே வந்தவர் வெளியே போக முடியாது என்றான். இவர் கைகூப்பினார். மனைவி சாகக் கிடப்பதைச் சொன்னார். அவன் திட்டவில்லை, துரத்தவும் இல்லை. தன் அம்மாவுக்கும் உடம்பு சரியில்லைதான், தன்னையும் விடவில்லை என்றான். அவனால் முடிந்தது, ராஜாவைக் கம்பிவேலி வரை வரச்சொன்னது.

ராஜா தொளதொளத்த ராணுவச் சட்டையோடு வந்தான். "பாத்தீங்களாண்ணே, அளவெடுக்காமத் தெச்ச முதல் வேஷம்," என்று சிரித்தவன் இவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அவர் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

"வசனம் நான் சொல்லிப் பாத்துட்டேன். ஏத்துக்கமாட்டேங்கறா," என்றார்.

ராஜா திரும்பிக் காவலாளியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"அந்த இடத்துல நான் உடனே பேசமாட்டேண்ணே. அவங்க காதோரத்து முடிய ஒதுக்கிவிட்டுட்டுத்தான் சொல்லுவேன். கீழ உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியாது. மேலருந்து உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது."

"தினமுமா?"

"தினமும்."

உள்ளே யாரோ விசில் ஊதினார்கள். ராஜா கம்பியை விடவில்லை.

"அவங்க ஒண்ணும் சொன்னதில்லண்ணே. நானும் கேட்டதில்ல."

விளக்குக்காரருக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவனை இனி உயிரோடு பார்ப்போமா என்பதும் தெரியவில்லை. "சாப்பாடெல்லாம் போடறாங்களா?" என்று கேட்டார். ராஜா தலையாட்டினான். மறுபடி விசில் கேட்டதும் போய்விட்டான்.

அந்தக் காட்சியில் வெளிச்சம் வீரன் முகத்தில்தான் விழும். அவளுடைய காதோரப் பக்கம் நிழல். அதுதான் அழகு என்று விளக்கை அப்படித் திருப்பி வைத்ததே அவர்தான். வீடு வந்து சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டு நடந்தார்.

அவர் நுழைந்ததும் அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். மனைவி அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். குரல் போய் உதடு மட்டும் அசைந்தது. அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். கை எழவில்லை. அவள் இன்னொரு தடவை கேட்டாள்.

காதோரத்தில் ஒட்டிக்கிடந்த முடியை விரலால் ஒதுக்கினார். சற்றுப் பொறுத்தார்.

"மழை விட்டால்தானே."

அவள் முகம் தெளிந்தது. தலையணையில் மெதுவாகச் சாய்ந்து, இத்தனை வருஷமாக அவர் உயரத்திலிருந்தே பார்த்திருந்த சிரிப்பைச் சிரித்தாள்.

"அப்படியானால் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். வெளியே நல்ல வெயில். திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். யாரிடம் சொன்னாய் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவளும் ஒன்றும் கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் மூச்சு நின்றது.

மறுநாள் சவப்பெட்டியைத் தூக்கத் தெருவில் ஆண்பிள்ளை இல்லை. சலவைக்கார அக்காவும் அவள் தங்கையும் பின்னால் பிடித்தார்கள். முன்னால் அவரும், கொட்டகையில் டிக்கெட் கிழித்த கூன் விழுந்த கிழவரும். மற்ற மூன்று பேரும் குள்ளம். பெட்டி சரியாமலிருக்க அவர் முழங்காலை மடித்தே நடக்கவேண்டியிருந்தது.

பெரிய சாலையில் ராணுவ லாரிகள் குறுக்கே போய்க்கொண்டிருந்தன. நிற்கச்சொல்லிக் கைகாட்டினார்கள். நின்றார்கள். ஒன்றன்பின் ஒன்றாக லாரிகள் வந்தபடியே இருந்தன.

"கொஞ்சம் கீழ வெச்சிக்கலாமா?" என்றாள் அக்கா.

"வேண்டாம்மா. இதோ போயிடும்."

லாரிகள் முடியவில்லை. முழங்காலை நிமிர்த்தாமல், பெட்டியைச் சமமாகப் பிடித்தபடி அவர் நின்றார்.