சேகரித்தவர் பெயர்

செடியின் லேபிள் அட்டையின் கீழ்மூலையில் 'சேகரித்தவர்' என்று அச்சடித்து, பக்கத்தில் பேராசிரியர் ஹரிகிருஷ்ணனின் பெயர் இருந்தது. அமுதவல்லி அதை மூன்று முறை படித்தாள். ஓடும் காரில் எழுத்து ஆடியது. பெயர் மாறவில்லை.

"செடிய பறிச்சது எங்க வீட்டுக்காரரு சார்."

முன் சீட்டிலிருந்த ஹரிகிருஷ்ணன் திரும்பாமலே சொன்னார். "தெரியும்மா. கட்டுரை கடைசியில தேவதாசுக்கு நன்றி போட்டிருக்கோம். லேபிள்ல அட்டெண்டர் பேர் போடற வழக்கமில்ல."

"அவரு சேத்துல எறங்கி பறிக்கறப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

அவளருகில் உட்கார்ந்திருந்த ஆராய்ச்சி மாணவி கலைமகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேலைபார்த்த மில் மூடியபின் தேவதாஸ் கல்லூரித் தாவரவியல் துறையில் அட்டெண்டராகச் சேர்ந்தார். செடிகளை நாளிதழுக்குள் விரித்து அழுத்திக் காயவைத்து அட்டையில் ஒட்டுவதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் டிவிஎஸ் ஃபிஃப்டியின் பின்னால் அவளை உட்காரவைத்துக்கொண்டு பொட்டல் பொட்டலாகச் சுற்றுவார். முதலியார்பேட்டை வீட்டில் அரிசி மூட்டைக்கு அடியில் எப்போதும் ஏதாவது ஒரு செடி நசுங்கிக்கொண்டிருக்கும். அதற்காக அவள் போடாத சண்டையில்லை.

அப்படி ஒரு ஞாயிறில்தான் மூலக்குளத்துக்கு அப்பால் அந்தக் கானாவாழைச் செடியைப் பார்த்தார். அங்கே மண்டிக்கிடந்த சாதாரணக் கானாவாழையைப் போலவே இதற்கும் ஒல்லி இலை, நீலப்பூ. ஆனால் பூவைத் தாங்கும் படகு போன்ற மடலின் அடியில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். மற்றதில் மடலின் இரண்டு ஓரமும் அடியில் தைத்ததுபோல் ஒட்டியிருக்கும். இதில் கடைசிவரை பிரிந்திருந்தது. "இது வேற, வல்லி" என்றார். துறையில் போய்ச் சொன்னபோது ஹரிகிருஷ்ணன் காய்ந்த செடி ஒட்டிய தாளைப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று ஒரே உறைக்குள் போட்டுவிட்டார். அழுத்திக் காய்ந்துவிட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். பத்து வருஷம் தேவதாஸ் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். துறையில் அவருக்கு 'நீலப்பூ சயின்டிஸ்ட்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். கடைசியில் அவளும் ஒருநாள் சோற்றைத் தட்டில் கொட்டிவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான், வுட்டுத்தொலையேன்" என்று கத்தியிருந்தாள். அதன்பிறகு வீட்டில் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. போன ஐப்பசியில் துறையின் இரும்பு அலமாரியை மாடிக்கு ஏற்றும்போது, படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இப்போது கொல்கத்தாவில் யாரோ ஒரு நிபுணர் அந்த உறையை வரவழைத்து, காய்ந்த மடலை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்துப் பார்த்து, இது வேறு இனம், இந்தப் பக்கத்தில் இதுவரை பதிவாகாதது என்று எழுதிவிட்டார். உயிருள்ள செடி வேண்டும், இடம் வேண்டும். இடம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு பேராசிரியர் வீடு தேடி வந்தபோது, தேவதாஸ் பெயரைப் போடத்தான் வந்திருக்கிறார்கள் என்று நம்பிக் கிளம்பிவிட்டாள்.

மனைக்கற்கள் நட்ட தாழ்ந்த நிலத்தில் கார் நின்றது. சாலையோரமாகவே நீலப்பூக்கள் மண்டிக்கிடந்தன. அமுதவல்லி அங்கேயே நின்றாள். எதிரிலிருந்த வாய்க்காலின் அக்கரையை அவர்களுக்குக் காட்டவில்லை.

"அட, இதேதான்!" ஹரிகிருஷ்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து போனை நீட்டினார். "என்னா நீலம் பாரு!"

கலைமகள் மண்டியிட்டு, மடலின் அடியில் நகத்தை ஓட்டிவிட்டு நிமிர்ந்தாள். "சார், இது வந்து..."

"மொதல்ல போட்டோ எடும்மா. மத்தத அப்பறம் பேசலாம்."

அமுதவல்லிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திருடியவனுக்குத் திருடிய பொருளையாவது அடையாளம் தெரிய வேண்டாமா? காலடியிலிருந்து ஒரு தண்டைக் கிள்ளினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் வாய்க்காலைத் தாண்டி, அக்கரைப் புதரை விலக்கி இன்னொன்றைக் கிள்ளினாள். திரும்பி வந்து இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இதுல எது அவரு சொன்னது? கரெக்டா சொல்லிட்டீங்கன்னா லேபிள்ல உங்க பேரே இருக்கட்டும். இல்லன்னா அவரு பேரு."

"என்னம்மா, எனக்கே பரீட்சையா?" அவர் சிரித்துப் பார்த்தார்.

"ஆமா. பத்து வருஷம் நீங்க அவருக்கு வெச்சீங்கள்ல?"

"வெயில்ல எதுக்கும்மா இதெல்லாம்? துறைக்குப் போய்..."

"இங்கியே சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மாட்டிக்கொண்டு வலது கையைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார், பிறகு கலைமகளைப் பார்த்தார். அவள் காரிலிருந்து எடுத்துவந்த லேபிள் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. கானாவாழைப்பூ உச்சி வெயில் வரை தாங்காது. இரண்டு கைகளிலும் இதழ்கள் உள்ளே சுருண்டு, கரைந்து, விரலிடுக்கில் நீலத் தண்ணீராகக் கசிந்தன. அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டிய கைகளை அவள் இறக்கவில்லை.