இடம் மாறிய பதில்கள்

கடைசி வருடம் படிப்பவளுக்குக் காலையில் கம்பெனி இன்டர்வியூ, மதியம் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கான நேர்காணல். இரண்டுக்கும் பதில்களை உருப்போட்டு உருப்போட்டு நாக்கு வறண்டு, களைப்பில் எல்லாம் இடம் மாறிவிட்டது. கம்பெனியில், "ஆராய்ச்சிதான் சார் என் உயிர்" என்றாள். பல்கலைக்கழகத்தில், "டார்கெட் எவ்வளவு குடுத்தாலும் முடிச்சிடுவேன் மேடம்" என்று உளறிக்கொட்டினாள். இரண்டு இடத்திலும் தலையாட்டினார்கள். விட்டது தொல்லை என்று திரும்பும் பஸ்ஸிலேயே தூங்கிப்போனாள்.

மறுநாள் பார்த்தால், இரண்டு இடத்திலும் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"அப்புறம் என்னடி யோசனை? ரெண்டுல எதுக்குப் போறே?" என்று அக்கா உலுக்கினாள்.

"ஒருத்தராவது நான் சொன்னதைக் காது குடுத்துக் கேட்டு வெளியே விரட்டியிருந்தா, அந்த இடத்துக்கே போயிருப்பேன்க்கா" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.