புள்ளிகளுக்கு நடுவே

நான்காவது ஆம்ப்ளிஃபையரும் எரிந்தபோது பரிசோதனை அறையில் இருவர்தான் இருந்தோம்: அதைச் செய்த அக்காவும், அதற்குள் செலுத்தும் சிக்னலை வடிவமைத்த நானும். ஆறு வருடங்களாக அவள் என் பக்கத்து மேசைக்காரி. இடது கட்டைவிரலில் பற்றவைப்புக் கோல் சுட்ட தழும்பு முத்திரைபோல இருந்ததால் அலுவலகத்தில் அவளுக்கு 'ரப்பர் ஸ்டாம்ப்' என்று பெயர். கருகிய மின்சுற்றுப் பலகையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

"இதுவும் போய்ச் சேந்துடுச்சு. நாலையும் ஒரே குழியில போட்டு மூடிடலாம் தம்பி."

நான் சிரித்தேன். சிரித்ததை நினைத்தால் காது மடல் சுடுகிறது.

எங்கள் சிக்னல் ஒற்றை அலை அன்று. ஆயிரத்துச் சொச்சம் சிற்றலைகளின் கூட்டம். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் பரம சாது. ஆனால் எப்போதாவது அத்தனையும் ஒரே கணத்தில் தலைதூக்கினால், அந்த உச்சத்தை எந்த ஆம்ப்ளிஃபையரும் தாங்காது. அவ்வுச்சங்களை அடக்குவதே என் வேலை. அடக்கிவிட்டேன் என்று அறிக்கை எழுதினேன். தலைமை அலுவலகம் பாராட்டியது. அதிலிருந்த உச்ச அளவை நம்பி அவள் பாகங்களைத் தேர்ந்தாள்.

மூன்றாவது எரிந்த அன்று மேலாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். "உங்க கையிலதான்மா ஏதோ கோளாறு. திங்கக்கிழமைக்குள்ள விளக்கம் எழுதிக் குடுங்க. அதப் பாத்துட்டுத்தான் உங்க ஒப்பந்தத்த நீட்டிக்கிறதப் பத்திப் பேசணும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "தம்பி, உன் கணக்குல ஒண்ணும் இல்லையே?"

"இல்லக்கா. மூணு வாட்டி பாத்துட்டேன்."

அது பொய்யன்று. மூன்று முறையும் அதே இடங்களில்தான் பார்த்திருந்தேன். அலையை இடைவிடாமல் அளக்க இயலாது. புள்ளி புள்ளியாகத்தான் அளக்க வேண்டும். நான்கு மடங்கு நெருக்கமாக வைக்க வேண்டிய புள்ளிகளை, கணினி சீக்கிரம் முடிக்கட்டும் என்று விலக்கி வைத்திருந்தேன். அன்று மாலையே நெருக்கி வைத்துப் பார்த்தேன். உச்சங்கள் எங்கும் போய்விடவில்லை. நான் பாராத இடைவெளிகளில் முழு உயரத்தோடு நின்றுகொண்டிருந்தன.

பொய் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பேருச்சம் அபூர்வமானது, இன்றைய ஓட்டத்தில் எழாமலே போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இன்று காலை பொத்தானை அழுத்தியவன் நான்தான். பதினோரு நிமிடம் தாங்கியது. அந்தப் பதினோரு நிமிடமும் அவள் பலகையின்மேல் கைவிசிறியால் வீசிக்கொண்டிருந்தாள்.

"சரி, இன்னைக்குத் திங்கக்கிழமை, விளக்கம் எழுதணுமே," என்றாள் இப்போது. "எனக்கு எழுத்து வராது. நீதான் அழகா எழுதுவ. என் கைதான் சரியில்லன்னு போட்டுடு. வேற என்னத்தச் சொல்றது?"

"அக்கா..."

"என்ன?"

"உடனே வேணுமா?"

"அவசரமில்ல. மத்தியானத்துக்குள்ள குடு. இந்தா, கையெழுத்த இப்பவே போட்டுடறேன். மேல நீ நிரப்பிக்கோ."

வெள்ளைத் தாளின் அடியில் குனிந்து, ஓர் எழுத்தும் விடாமல், பள்ளிப் பிள்ளையைப்போல் தன் பெயரை எழுதினாள். தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, கரிந்த பலகைகளை அள்ளிக்கொண்டு வெளியேறினாள்.

பெயருக்கு அருகே, அவள் தாளை அழுத்திப் பிடித்த இடத்தில், கரி படிந்த கட்டைவிரல் பதிந்திருந்தது. தழும்பு இருந்த இடம் மட்டும் வெளுப்பு. அதற்கு மேலே தாள் முழுவதும் காலியாகக் கிடந்தது.