நாலாவது தேசிக்காய்

கிட்ட வந்து இருங்கோ, என்ர செல்லங்களே. காற்றாடிக்குக் கீழே இன்னும் இடமிருக்கிறது. கொழும்பு வெள்ளவத்தைப் பொடியன் ஒருவன் தன் முதல் காரைத் தேடி அலைந்த கதையை இன்றைக்குக் கேளுங்கோ.

கிஷாந்துக்கு இருபத்தாறு வயது. காலி வீதியில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருந்தான். அவனுடைய ரதி லண்டனில் இருந்தாள். கொட்டாஞ்சேனையில் ஒரே பயிற்சிக் காரில் ஓட்டப் பழகியவர்கள் இருவரும். அவள் கிளட்சை விடும்போதெல்லாம் பின்சீட்டில் இருந்து அவன் "முருகா!" என்பான். பதிவுத் திருமணம் முடிந்த மூன்றாம் மாதம் அவள் படிக்கப் போனாள். போகிறபோது ஒரு கட்டளை போட்டாள்.

"முதல் கார் ரெண்டுபேருமாத்தான் பாத்து எடுக்கிறது. கியர் கார். பாயிற கார். கிழவர்மாரின்ர கார் வேண்டாம்."

கைக்கெட்டும் விலையில் பாய்கிற கார் இரண்டுதான் அகப்பட்டன. ஒன்று பழைய ஸ்விஃப்ட் ஸ்போர்ட், மற்றது விட்ஸ் ஆர்எஸ்.

ஞாயிறு காலை முதலில் ஸ்விஃப்ட்டைக் கடலோர மரைன் டிரைவில் ஓட்டிப் பார்த்தான். ரதி பேசும் போனை இடப்பக்கச் சீட்டில் வைத்து, அதற்குப் பெல்ட்டும் போட்டிருந்தான்.

"கேக்குதே?"

"ஓம். இன்னும் ரெண்டாவதிலயே நிக்கிறாய், பயந்தாங்கொள்ளி!"

மூன்றுக்கு மாற்றினான். எஞ்சின் உச்சத்துக்கு ஏறிப் பாடியது. வளைவில் கார் ரோட்டைக் கவ்விப் பிடித்தது. ஆனால் ஒரு பள்ளத்தையும் மறைக்காமல் முதுகெலும்புக்குச் சொல்லிவிட்டது. அவனுக்கு மனம் முழுக்க அதிலேதான்.

மத்தியானம் மாளிகாவத்தைக்குப் போனான். விட்ஸின் சொந்தக்காரர் நிலாம் நானா, அதாவது நிலாம் அண்ணன், பின்சீட்டில் ஏறிக்கொண்டார். பெட்ரோல் அவ்வளவு குடிக்காது, உதிரிப்பாகம் பஞ்சிகாவத்தையில் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்றார். கிஷாந்த் இந்தக் காரிலும் போனை இடப்பக்கச் சீட்டில் வைத்தான். குனிந்து அந்தச் சீட்டை முன்னுக்கு இழுத்தான்.

"ஆரும் இல்லாத சீட்ட ஏன் தம்பி இழுக்கிறீங்க?"

"அவ ஆள் கட்டை, நானா."

"கட்டையோ? வந்து கதைக்கிறன், இரு!" என்றது போன்.

நிலாம் குலுங்கிச் சிரித்தார். "அப்ப தங்கச்சி எப்ப வாறீங்க?"

"விசா புதுப்பிக்கக் குடுத்திருக்கு, நானா. அது வருமட்டும் இஞ்சயிருந்து வெளிக்கிடேலாது."

கிஷாந்த் காரைக் கடல் பக்கம் திருப்பினான். கார் வெள்ளவத்தைக் கடற்கரைக்கு வந்தது. தண்டவாளம் அதிரத் தொடங்கியது.

"மாத்தறை ரயிலோ? நிப்பாட்டு, கேப்பம்," என்றது போன்.

நிறுத்தினான். ரயில் போனது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் இருக்கிற இடம் தெரியவில்லை. அலை ஒன்று கல்லில் விழுந்தது.

"கிஷா, இதையே எடு," என்றாள் ரதி. "இதில கடல் கேக்குது."

பாயிற காரைத் தேடிப் போனவன், நின்றால் சத்தமில்லாத காரை எடுத்தான்.

கோயில் வாசலில் காருக்குப் பூசை நடந்தது. நாலு சில்லுக்குக் கீழேயும் நாலு தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், வைத்து நசித்துத்தானே புறப்படுவது? அவன் மூன்றுதான் வைத்தான்.

"தம்பி, ஒண்டு குறையுது," என்றார் ஐயர்.

"முன்னுக்கு இடப்பக்கம் அவவின்ர பக்கம், ஐயா. அவ வந்து வைப்பா." நாலாவதை எடுத்து முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தான்.

போனில் பார்த்துக்கொண்டிருந்தவள், "அழுகிப் போயிடும், விசரா," என்றாள். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அழுகவில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்து காய்ந்து, புளியங்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. விசா இன்னும் வரவில்லை. ஞாயிறுகளில் அவன் கடற்கரை வீதியில் ஓட்டுகிறான். இடப்பக்கச் சீட்டு முன்னுக்கு இழுத்தபடியே இருக்கிறது. வளைவு வரும்போது தேசிக்காய் உருண்டு போய் இடப்பக்கக் கதவைத் தட்டுகிறது. ஒவ்வொரு முறையும் அவன் திரும்பிப் பார்க்கிறான்.

உங்கள் வீட்டு வண்டிகள் பழுதில்லாமல் ஓடட்டும், என்ர செல்லங்களே. தூரத்தில் இருக்கிற உங்கள் சனம் நல்லபடி வந்து வாசலில் இறங்கட்டும். உங்கள் வீட்டில் ஒரு இருக்கையும் வெறுமையாய்க் கிடக்காதிருக்கட்டும்.