அதிபரைத் திட்டினால் ஒரு காய்

நியூஜெர்சி பிஸ்கட்டவேயில் செல்வராஜா அண்ணர் வீட்டு கராஜில் கார் நின்று நான் பார்த்ததில்லை. நடுவில் கேரம் போர்டு, சுற்றி மடக்கு நாற்காலிகள். ஞாயிறு மதியமானால் நான், ஷம்சுதீன், கிட்டுசாமி மூன்று பேரும் அங்கே இருப்போம். அண்ணர் யாழ்ப்பாணத்துக்காரர், சொந்தமாக மளிகைக் கடை. நாங்கள் ஜெர்சி சிட்டி வங்கிகளில் கம்ப்யூட்டர் வேலை. நிரந்தரம் கிடையாது, ஒப்பந்தம்தான்.

2003இல் ஈராக் போர் தொடங்கிய வாரம் ஷம்சுதீன் புஷ்ஷைக் கிழி கிழி என்று கிழித்தான். அண்ணருக்குப் பொறுக்கவில்லை. உயிர் பிழைக்க ஓடி வந்தவரை உள்ளே விட்ட நாடு இது. போர்க்காலத்தில் அதிபரைத் திட்டுகிறவன், எடுத்த காயில் ஒன்றைப் போர்டில் திருப்பி வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். நம்ம ஊரில் இந்தச் சட்டம் வந்தால் ஒருத்தனும் ஆட்டத்தை முடிக்க மாட்டான் என்றான் கிட்டுசாமி. என் அப்பா ஈரோட்டில் மஞ்சள் மூட்டை தூக்கியவர். முதலாளியைத் திட்டாமல் அவர் முதுகில் ஒரு மூட்டையும் ஏறியதில்லை. எனக்கும் அது சும்மா விளையாட்டாகத்தான் பட்டது.

ஷம்சுதீன் சிரித்துக்கொண்டே ஒன்றிரண்டு வாரம் காய் வைத்தான். பிறகு அரசியல் பேச்சையே விட்டுவிட்டான். பக்குவப்பட்டுவிட்டான் என்று நினைத்தோம். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு ஆபீசில் அவனோடு சாப்பிட உட்காருகிறவர்கள் குறைந்திருந்தார்கள். அவனுக்கென்று இருந்தது அந்த கராஜ் ஒன்றுதான்.

2009 கோடையில் அண்ணர் ஒபாமாவைப் பிடித்துக்கொண்டார். நாடு நடத்தத் தெரியாத ஆள், வாய்ப்பேச்சு மட்டும்தான் என்று ஸ்ட்ரைக்கரைத் தட்டிக்கொண்டே போனார்.

"காய வைங்கண்ணே" என்றான் ஷம்சுதீன்.

"அது யுத்த காலம் காணும்."

"யுத்தம் இன்னும் முடியலயே. ஆளு கறுப்புங்கறதாலதானே இவ்ளோ பேசறீங்க?"

அண்ணர் ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்தார். "இனத்தைச் சொல்லி அடி வாங்கினவன் நான். அந்தப் பழியை என்னில போடாதையும். ஒபாமா வேலையாக்களுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் கட்டச் சொன்னா நான் கடையைப் பூட்டத்தான் வேணும். அதுக்குத்தான் ஏசுறன்."

"சரி, அத வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். உங்க ஆளுக்கு மட்டும்னா நான் இனிமே வரல." எழுந்து கார் சாவியை எடுத்துவிட்டான்.

அப்படியென்றால் இத்தனை வருடம் ஏன் ஒன்றும் பேசவில்லை என்று அண்ணர் கேட்டார்.

"அப்போ கிரீன் கார்டு வரலண்ணே, இப்பதான் வந்துச்சு. என் பேர வச்சு நேம் செக், விசாரணைன்னு வருஷக்கணக்கா இழுத்தான். நாம பேசறது எங்க போய்ச் சேரும்னு யாருக்குத் தெரியும்?"

"இந்த கராஜில இருந்தோ?"

ஷம்சுதீன் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அண்ணரின் ஊரில் ராணுவம் பையன்களை வரிசையில் நிறுத்தும். முகத்தை மூடிய ஒருவன் எதிரே இருப்பான். யாரைப் பார்த்து அவன் தலை அசைகிறதோ அவனை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். தலையாட்டி என்று அவனுக்குப் பெயர். அண்ணர் அந்த வரிசையில் நின்றவர்.

"என்னைத் தலையாட்டி எண்டோ நினைச்சனீர்?"

"எல்லாரையும்தாண்ணே நெனச்சேன்" என்று என்னைக் காட்டினான். "இவனையும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அண்ணர் தன் காயில் ஒன்றை எடுத்து நடுவில் வைத்தார்.

"பயந்துகொண்டு இருந்து விளையாடினீரே" என்றார். "இரும். இனி இஞ்ச ஆரும் ஆரையும் ஏசலாம்."

ஷம்சுதீன் சாவியைப் பையில் போட்டான். பிறகு உட்கார்ந்தான்.

அடுத்த ஞாயிறிலிருந்து இரண்டு பேரும் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. அண்ணர் ஒபாமாவை ஏச, ஷம்சுதீன் பல வருடத்துப் பாக்கியையெல்லாம் புஷ் தலையில் கொட்டுவான். அக்கம்பக்கத்தார் போலீசைக் கூப்பிட்டுவிடப் போகிறார்கள் என்று அண்ணரின் மனைவி கலைமகள் அக்கா வந்து கதவை இறக்கிவிடுவார். உள்ளே புழுக்கம் தாங்காது. ஆனாலும் ஒருத்தரும் எழுந்து போக மாட்டோம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறெங்கும் எனக்கு வாய்க்கவில்லை.