பேச்சுக் காப்பி

பெண் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் நான் ஒரு பட்டியல் எழுதினேன். எங்கள் மலையூர் ஃபோய்னிட்சாவின் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவளுக்குப் பட்டியல் இல்லாமல் கை ஓடாது. என் கணவர் நஸீஃபின் சட்டை, டை, நகம், கைக்குட்டை, காது முடி. என் பழுப்புக் கோட்டு, கழுத்துத்துணி, கைப்பை. எல்லாவற்றுக்கும் எதிரே டிக் போட்டேன். காலுறையை மட்டும் சேர்க்கவில்லை. அதற்குக் காரணம் எங்கள் மகன் மிர்ஸா.

முந்தின நாள் போனில் சொன்னான். "அம்மா, அங்க யாரும் ஷூவைக் கழட்ட மாட்டாங்க. நீங்களும் கழட்டாதீங்க. அப்பாகிட்டயும் சொல்லி வை. அப்புறம் அவரை ரொம்பப் பேச விடாத."

"ஏன், வாயைத் தபால்ல அனுப்பிட்டு வரச் சொல்லவா?"

"விளையாடாதம்மா. ஜெனானாவோட அம்மா ரொம்ப நேர்த்தியான ஆளு. உங்களை ஒருதடவை பார்த்துட்டுத்தான் கல்யாண விருந்துக்கு யார் யாரைக் கூப்பிடறதுன்னு முடிவு பண்ணுவாங்க."

அந்த 'யார் யாரை'யில் நாங்களும் அடக்கம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பெற்ற மகனின் கல்யாணப் பந்தியில் எங்களுக்கு நாற்காலி உண்டா இல்லையா என்று முன்பின் தெரியாத ஓர் அம்மாள் பார்த்துத் தீர்மானிக்கப் போகிறாள். நஸீஃபிடம் ஷூ விஷயத்தை மட்டும் சொன்னேன். மற்றதை எனக்குள் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சராயெவோவில் பனி உருகித் தெருவெல்லாம் சேறு. நான்காவது மாடி. கதவைத் திறந்தது மணப்பெண் ஜெனானா; பக்கத்தில், முன்னதாகவே வந்திருந்த மிர்ஸா. அவள் பின்னால் அவளுடைய அம்மா வில்தானா நின்றாள்: வெண்ணெய் நிறத்தில் கால்சட்டை, முத்துமாலை, வீட்டுக்குள்ளேயே குதிகால் செருப்பு. நஸீஃப் வணக்கம் சொல்லிவிட்டுக் குனிந்து லேஸை அவிழ்க்கத் தொடங்கினார். அறுபது வருஷப் பழக்கம் என்னுடைய ஒரு வாக்கியத்துக்குக் கட்டுப்படுமா?

"ஐயோ, கழட்டாதீங்க! இங்க அந்தக் கிராமத்துப் பழக்கமெல்லாம் இல்ல" என்றாள் வில்தானா.

"இருக்கட்டும்மா. வெளிய ஒரே சேறு. தெருவை எதுக்கு உங்க வீட்டுக்குள்ள கூட்டிட்டு வரணும்?"

அவருடைய இடது காலுறையில் ஓட்டை. கட்டைவிரல் முழுசாக வெளியே நின்றது.

வில்தானா சிரித்தாள். "அடடா! மிர்ஸா, உங்கப்பாவுக்கு ஒரு ஜோடி காலுறை வாங்கித் தரக் கூடாதா நீ?"

மிர்ஸா சுவரைப் பார்த்தான். நஸீஃப் குனிந்து விரலைப் பார்த்தார். "இவனைச் சொல்றீங்களா? மாப்பிள்ளைத் தோழன். நானும் பொண்ணைப் பார்ப்பேன்னு அடம்பிடிச்சு வந்திருக்கான்."

ஜெனானா வாய்விட்டுச் சிரித்தாள். அம்மாவின் பார்வை பட்டதும் அடக்கிக்கொண்டாள்.

என் கால்களில் முழங்கால்வரை பூட்ஸ். இரண்டு ஜிப்பையும் சத்தம் கேட்கும்படி இழுத்துக் கழற்றி அவர் ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தேன். மிர்ஸா என்னைப் பார்த்து வேண்டாமென்று தலையாட்டியதை நான் கண்டுகொள்ளவில்லை.

உட்கார்ந்ததும் காப்பி வந்தது. வில்தானா தன் துணிக்கடையைப் பற்றிச் சொன்னாள். வாடிக்கையாளர்களுக்கு அவள் சொல்லித்தருவதையும் சொன்னாள். "ஒருத்தரைப் பார்த்தா உறுத்தலா ஒண்ணுமே தெரியக்கூடாது. அதான் நேர்த்தி. அது பொறப்புலயே வரணும். நடுவுல வந்து ஒட்டாது."

'ஒட்டாது' என்று கையை வீசியபோது மோதிரம் காப்பிக் கிண்ணத்தில் இடித்தது. காப்பி முழுவதும் அவள் மடியில். வெண்ணெய் நிறத்தில் கருப்பாக, படக்கூடாத இடத்தில் படர்ந்தது. அவள் அப்படியே உறைந்துபோனாள். வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னால் பாடம் தெரியாத பிள்ளை முழிக்குமே, அந்த முகம்.

நஸீஃப் அதற்குள் எழுந்து ஜன்னல் பக்கம் போயிருந்தார். "மிர்ஸா, இந்த டிராம் எங்க போகுது? இங்க வா, வந்து காட்டு. நீயும் வாம்மா ஜெனானா, இவனுக்கு வழி தெரியாது." மூன்று முதுகுகள் எங்கள் பக்கம் திரும்பின. நான் கைக்குட்டையை நீட்டினேன். வில்தானா அவசரமாகத் துடைத்தாள், ஒரு தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நஸீஃப் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு அந்தத் தலையணைப் பக்கம் ஒருமுறைகூடக் கண்ணைக் கொண்டுபோகவில்லை.

அந்த அறையில் நேர்த்தியான ஆள் யார் என்று கேட்டால் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருவேன். கட்டைவிரல் வெளியே தெரிய டிராமை வேடிக்கை பார்த்தாரே, அவர்தான்.

வில்தானா உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு, கையோடு இன்னொரு தட்டில் காப்பி கொண்டுவந்தாள். நாங்கள் வந்து இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

"நீங்க ரொம்ப தூரம் போகணுமே. இருட்டறதுக்குள்ள மலைப்பாதையைத் தாண்டிடுங்க. கல்யாணம் சின்னதாத்தான் பண்றோம். ஓட்டல்ல நாப்பது பேர். உங்களுக்கு எதுக்கு அலைச்சல்? கல்யாணப் பதிவு ஆபீஸுக்கு மட்டும் வந்து வாழ்த்திட்டுப் போயிடுங்க."

எங்கள் நாட்டில் விருந்தாளிக்குக் காப்பி மூன்று தரம் வரும். வந்ததற்கு ஒன்று, பேசுவதற்கு ஒன்று, கிளம்புவதற்கு ஒன்று. கிளம்பும் காப்பி வந்துவிட்டால் மரியாதை தெரிந்தவன் குடித்துவிட்டு எழுந்துவிடுவான். நஸீஃபுக்கு மரியாதை தெரியும். குடித்து முடித்துக் கையை முழங்காலில் ஊன்றினார். நான் அவர் கைமேல் கை வைத்து அழுத்தினேன்.

"சம்பந்தியம்மா" என்றேன். அந்த வார்த்தை அவளைத் தொட்டதும் கழுத்து நிமிர்ந்தது. "காப்பி நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு குறையுது. வந்ததுக்குக் குடிச்சாச்சு, போறதுக்கும் குடிச்சாச்சு. பேசறதுக்கு உண்டானது எங்க?"

"அம்மா, போதும், கிளம்பலாம்."

"நீ சும்மா இரு, மிர்ஸா. பேச வேண்டிய நேரத்துல நீ பேசல." நான் எழுந்தேன். "நீங்க உட்காருங்க சம்பந்தியம்மா. அதை நானே போடறேன்."

அவள் என் பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள். "கேக்காம ஒருத்தர் அடுப்படிக்குள்ள நுழையறது எந்த ஊர் மரியாதை?"

"எந்த ஊர்லயும் இல்ல. தெரிஞ்சேதான் நுழைஞ்சேன். பிள்ளையப் பெத்தவங்களை வாசலோட நிறுத்தறது மட்டும் எந்த ஊர் மரியாதை?"

பாத்திரம் எங்கே என்று தெரியாமல் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்தேன். ஜெனானா வந்து கீழ்த்தட்டிலிருந்து செம்புக் காப்பிக்கெண்டியை எடுத்துக் கொடுத்தாள். "தூள் மேல இருக்கு, அத்தை."

"ஜெனானா!" என்றாள் வில்தானா.

"எனக்கும் ஒண்ணு வேணும்மா" என்றாள் அந்தப் பெண்.

நுரை பொங்கியதும் இறக்கி, கூடத்துக்குக் கொண்டுவந்து, வீட்டுக்காரிக்குத்தான் முதலில் ஊற்றினேன். அவள் தொடவில்லை.

"பதிவு ஆபீஸுக்கு வருவோம்" என்றேன். "ஓட்டலுக்கும் வருவோம். ரெண்டு பேர் இல்ல, எங்க சனம் இருபத்திமூணு பேர். வாசல்ல நிறுத்தினா வாசல்லயே நின்னு பாடுவோம். எங்க ஆளுங்களுக்குத் தொண்டை பெருசு."

"நாப்பது பேருக்குத்தான் இடம் இருக்குன்னு சொன்னேனே."

"நெருக்கி உட்காருவோம்மா" என்றார் நஸீஃப், சாந்தமாக. "நான் வேலை பார்த்த மர மில்லுல நாங்க ஒரே பெஞ்சுல எட்டுப் பேர் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கோம்."

மிர்ஸாவின் காது சிவந்திருந்தது. அவன் வில்தானாவைப் பார்த்தான். பிறகு தன் அப்பாவைப் பார்த்தான்.

"எட்டு இல்லப்பா, ஒன்பது" என்றான். "சின்ன வயசுல உன் மடியில நான் இருப்பேன்." பிறகு வில்தானா பக்கம் திரும்பினான். "அப்பா என் பக்கத்துலதான் உட்காருவார். அதுக்கு ஓட்டல் சரிப்படலைன்னா வேற இடம் பார்ப்போம்."

வில்தானா தன் மகளைப் பார்த்தாள். ஜெனானா காப்பியை ஊதிக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை.

"ஆறிடும், குடிங்க" என்றேன். "இன்னும் தேதியே பேசலையே நாம."

வில்தானா கிண்ணத்தை எடுத்தாள்.